வேக ரயிலுக்கு வாசலிலேயே பஸ் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மதுரையில் கண்புரை ஆபரேஷன் முடிந்த என் அம்மாவை வந்தே பாரத் ரயிலில் நாகர்கோவிலுக்குக் கூட்டி வந்தேன். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அலுங்காமல் வந்து இறங்கினோம். கஷ்டம் அதற்கப்புறம்தான். ஜங்ஷனிலிருந்து வடசேரிக்கு ஆட்டோ, அங்கிருந்து மார்த்தாண்டத்துக்கு பஸ், மறுபடி உண்ணாமலைக்கடைக்கு ஆட்டோ. தக்கலை நெரிசலில் பஸ் ஊர்ந்தபோது, வெயிலுக்கும் தூசிக்கும் பயந்து அம்மா கறுப்புக் கண்ணாடிக்கு மேலே முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

2024 ஆகஸ்ட் 31-ல் தொடங்கிய இந்த ரயில் சென்னை எழும்பூரிலிருந்து 700 கி.மீ.க்கும் அதிகமான தூரத்தை சுமார் 9 மணி நேரத்தில் கடக்கிறது. நம் மாவட்டத்துக்கு இது பெரிய வரம். ஆனால் அதில் வருகிறவர்கள் எல்லாரும் நாகர்கோவில்காரர்கள் இல்லையே. குலசேகரம், குளச்சல், கருங்கல், களியக்காவிளை என்று போக வேண்டியவர்கள் எத்தனை பேர்! ரயிலில் மிச்சமான நேரம் அவர்களுக்கு ரோட்டில் போய்விடுகிறது.

பிரான்ஸில் பாரிஸ்–லீல் அதிவேகப் பாதையில், அமியான், சான்-கான்தான் என்ற இரண்டு நகரங்களுக்கும் பொதுவாக 1994-ல் ஒரு ஸ்டேஷன் திறந்தார்கள். இரண்டுக்கும் நடுவே, வயல்காட்டில். சாதாரண ரயில் பாதையோடு இணைப்பே இல்லை. கார் அல்லது பஸ்தான். சுற்றிலும் பீட் வயல் என்பதால் 'பீட்ரூட் ஸ்டேஷன்' என்றே பெயர் விழுந்துவிட்டது. 300 கி.மீ. வேகத்தில் ரயில் ஓடியும், இறங்கியவர் வீடு போய்ச் சேர வழி யோசிக்க வேண்டும்.

நம் ஸ்டேஷன் ஊருக்குள்ளேயே இருக்கிறது. கேட்பது இரண்டு பஸ்தான்: ஒன்று தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளைக்கு, இன்னொன்று திங்கள்சந்தை வழியாகக் குளச்சலுக்கு. மதியம் வந்த ரயிலே சிறிது நேரத்தில் சென்னைக்குத் திரும்புகிறது. அதனால் சென்னை போகிறவர்களை ஏற்றி வரும் பஸ்ஸே, வந்திறங்கியவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பலாம். இரண்டு பக்கமும் ஆள் இருக்கும். நஷ்டம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ரயில் தாமதமானால் பஸ்ஸும் காத்து நிற்க வேண்டும், அது முக்கியம். மணியைப் பார்த்துக் கிளம்பிவிட்டால் விட்டதில் பயனே இல்லை.

மாவட்ட நிர்வாகமும் போக்குவரத்துக் கழகமும் ரயில்வே அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசி, இதைச் சீக்கிரம் செய்து தர வேண்டும். பெட்டி வைக்க இடமும் தாழ்வான படியும் உள்ள பஸ்ஸாக விட்டால் வயதானவர்களுக்கு நல்லது.

ஒரு வாசகி,
உண்ணாமலைக்கடை