கிங்ஸ்டனில் கடைசிக் கச்சேரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

விடைபெறும் கச்சேரி என்று அறிவித்துப் பணம் பார்த்துவிட்டு, இரண்டே ஆண்டுகளில் மீண்டும் மேடையேறும் இசைக்குழுக்கள் ஏராளம். கனடாவின் ‘தி டிராஜிக்கலி ஹிப்’ ராக் குழுவின் ரசிகர்களுக்கு அந்த நப்பாசைக்கும் வழியில்லாமல் போனது. பாடகர் கோர்ட் டவுனிக்குக் குணப்படுத்த முடியாத மூளைப் புற்றுநோய் என்று 2016 மே மாதம் அறிவித்தார்கள். அதன் பிறகும் ஊர் ஊராகப் பாடி, ஆகஸ்ட் 20 அன்று குழு பிறந்த ஊரான, ஒன்டாரியோ மாகாணத்துக் கிங்ஸ்டனில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் மேடையில் நின்றார். நினைவு தடுமாறும் என்பதால் பாடல் வரிகளைக் காட்டும் திரைகள் எதிரே இருந்தன. பளபளக்கும் உடை, இறகு செருகிய தொப்பி. அனுதாபம் கேட்கும் கோலமா அது?

டிக்கெட்டுகளை அள்ளிப் பன்மடங்கு விலைக்கு விற்ற கூட்டத்தின் மீது எனக்கு இன்னும் கோபம் உண்டு. டிக்கெட் அள்ளும் கணினி நிரல்களை ஒன்டாரியோ மாகாணம் தடைசெய்ய 2017 ஆகிவிட்டது. கனடாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான சிபிசி விளம்பரமே இல்லாமல் நேரலை செய்ததுதான் ஆறுதல். சுமார் 1 கோடியே 17 லட்சம் பேர் சிறிது நேரமாவது பார்த்தார்கள். நாட்டில் ஏறக்குறைய மூவரில் ஒருவர்!

அழுத ரசிகர்களின் படங்களைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அரங்கில் இருந்த அப்போதைய பிரதமர் ட்ரூடோவைச் சுட்டி, வடக்கில் வாழும் பூர்வகுடிகளின் நிலையைச் சரிசெய்ய வேண்டும் என்று டவுனி பேசியது அடிக்குறிப்பாகிவிட்டது. 2017 அக்டோபரில் அவர் இறந்தபோது ட்ரூடோ கண்ணீர் விட்டார். பல பூர்வகுடி ஊர்களில் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும் என்ற எச்சரிக்கை அப்போதும் விலகவில்லை.

– ஒரு வாசகர்