கையைக் காட்டாதே, அம்மணி

அம்மணிக்கு,

போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கம்மா முட்டிக்குத் தைலம் போட்டுக்கொண்டிருக்கிறாள், அம்மாயி வழக்கம்போல. மாடு கன்று போட்டுவிட்டது, கிடாரி.

போன செவ்வாய்க்கிழமை பழைய லேலண்ட் டிப்பரின் டீசல் பம்ப் ஒன்று ரிப்பேருக்கு வந்தது. ஆறு சிலிண்டர், மைகோ. (2008-லேயே கம்பெனி பாஷ் என்று பேர் மாற்றிக்கொண்டது, சங்ககிரியில் யார் மாற்றிச் சொல்கிறார்கள்?) மேட்டில் இழுக்கவில்லை, கரும்புகை தள்ளுகிறது, காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகிறது என்றார் டிரைவர். இன்ஜின் ஆயில் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். குறையவே இல்லை, ஏறிக்கொண்டுதான் போகிறது என்றார். அப்போதே தெரிந்துவிட்டது, எலிமென்ட், அதாவது டீசலைத் தள்ளுகிற பிளஞ்சரும் அது ஓடுகிற பேரலும், தேய்ந்து டீசல் கீழே இறங்கி ஆயிலோடு கலக்கிறது. நீ இருந்திருந்தால் உன்னைத்தான் முதலில் சொல்லச் சொல்லியிருப்பேன்.

வெளியே கழுவாமல் பம்பைத் திறக்காதே என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இப்போது சின்னப் பையனுக்கும் அதையேதான் சொல்கிறேன், அவன் காதில் ஏறவில்லை. வாய்களை எல்லாம் அடைத்து, மண் போகக் கழுவி, அப்புறம்தான் டெலிவரி வால்வு ஹோல்டரில் ஸ்பேனர் வைக்கவிட்டேன். தட்டில் ஒன்று முதல் ஆறு வரை வரிசையாக வைக்கச் சொன்னால் மூன்றையும் நான்கையும் கலந்துவிட்டான். பேரலும் பிளஞ்சரும் ஒன்றுக்கொன்று தேய்த்துப் பொருத்தின ஜோடி, இடைவெளி 2, 3 மைக்ரான்தான், தலைமுடியே சுமார் 70 மைக்ரான் இருக்கும். மாற்றிப் போட்டால் சிக்கும், இல்லாவிட்டால் ஒழுகும். நீ பத்து வயதில்கூட ஒரு நாள் கலக்கியதில்லை.

ஆறையும் சுத்தமான டீசலில் அலசிப் பார்த்தேன். பேரலைச் சாய்த்துப் பிடித்து, பிளஞ்சரைக் கொஞ்சம் வெளியே இழுத்து விட்டால் தன் எடையிலேயே மெதுவாக, எண்ணெயில் நழுவுகிற மாதிரி இறங்க வேண்டும். இரண்டுதான் அப்படி இறங்கின. மற்ற நான்கும் தொப்பென்று விழுந்தன. வெளிச்சத்தில் திருப்பினால் சாய்வு வெட்டுக்கு மேலே பால் கறை மாதிரி மங்கலாக ஒரு கீறல் பட்டை, தூசியும் தண்ணீரும் செய்த வேலை. அந்த வழவழப்பான இடத்தை நீ விரலால் தொடவே மாட்டாய், கால் பக்கம் மட்டும் இரண்டு விரலால் பிடிப்பாய். கை ஈரம் பட்டால் துரு ஏறும் என்று ஒரு தடவைதான் சொன்னேன். அந்த மாதிரிக் கை எத்தனை பேருக்கு இருக்கிறது? பெஞ்சில் என்னோடு வேலை பழகியவர்களில் ஒருவருக்கும் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

கை என்றதும் ஞாபகம் வருகிறது. உனக்கு ஒரு மோதிரம் எடுக்க வேண்டும் என்கிறாள் உங்கம்மா. இடது கையில் எல்லா விரலுக்கும் நூல் சுற்றி அளவு எடுத்து அனுப்பு. ஆள்காட்டி விரலுக்கும் எடு. நீ இப்போதெல்லாம் வீடியோவில் வருவதில்லை, வெறும் குரல்தான். வேலை ஜாஸ்தி என்கிறாய், சரி. போன மாதம் கடைசியாக வந்த அன்று கையைக் கீழேயே வைத்துக்கொண்டு பேசினாய், சோறு சாப்பிடும்போதுகூட இடது கையை எடுக்கவில்லை. உங்கம்மா கவனிக்கவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை, சும்மா சொல்கிறேன்.

ஓசூரில் நீ பார்ப்பதெல்லாம் காமன் ரெயில், எல்லா சிலிண்டருக்கும் ஒரே குழாயில் டீசலை அழுத்தி வைக்கிற வகை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்ததிலிருந்து புது லாரிக்கெல்லாம் அதுதான், எனக்கு வருவதெல்லாம் பழைய வண்டிகளும் போர்வெல் வண்டிகளும். நாம் டீசலைப் பீய்ச்சுகிற நாசிலை 200 பார் பிரஷரில் செட் செய்தாலே பெரிது, அதில் 1600 பாருக்கு மேல் ஓடுகிறது. எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே பைப் நட்டைத் தளர்த்திப் பார்ப்போமே, அதை அங்கே செய்யாதே. ரெயிலில் பிரஷர் இறங்காமல் ஒரு நட்டிலும் ஸ்பேனர் வைக்காதே. எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டுமானால் அட்டையைக் காட்டு. கையைக் காட்டாதே. பழைய காலண்டர் அட்டை போதும், டீசல் அதில் கோடு போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். கையுறை போட்டிருக்கிறேனே என்று நினைக்காதே, கையுறை ஒன்றுமே இல்லை அதற்கு. அட்டையைக் காட்டு.

நாலு எலிமென்ட் புதுசு போட்டேன். பிளஞ்சர் காலில் உள்ள அடையாளத்தைப் பையன் திருப்பி வைக்கப் பார்த்தான், பிடித்துவிட்டேன், அது மாறினால் அந்த சிலிண்டர் வேகத்தை அடக்குகிற கவர்னர் பேச்சைக் கேட்காது. ஹோல்டரை ஒவ்வொன்றாக முடுக்கி, ஒவ்வொரு தடவையும் டீசலைக் கூட்டிக் குறைக்கிற ரேக்கை விரலால் தள்ளிப் பார்த்தேன், பிடிக்காமல் ஓடியது. பம்பை ஓட்டிப் பார்க்கிற பெஞ்சில் ஏற்றி 60 டிகிரிக்கு ஒன்றாக ஆறையும் சரிபார்த்து, ராத்திரி பத்து மணிக்கு ஆறு கண்ணாடிக் குழாயிலும் டீசல் ஒரே மட்டத்தில் நின்றது. போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். நீ பார்த்துவிட்டாய் என்று போன் காட்டியது, ஒரு வார்த்தை போடவில்லை. முன்பெல்லாம் நாலாவது குழாய் அரைப்புள்ளி கம்மி என்று சண்டை பிடிப்பாய்.

அப்புறம் நாசில்களை, ஸ்ப்ரே பார்க்கிற டெஸ்டரில் மாட்டினேன். அங்கேதான் கை நின்றுவிட்டது, அம்மணி.

என் விரலை வைஸ் இடுக்கி கடித்தது என்றுதான் உனக்கும் உங்கம்மாவுக்கும் சொல்லியிருக்கிறேன். அது பொய். 2009-ல், பண்டிகைக்கு முந்தின வாரம், இதே டெஸ்டரில் நாசில் முனைக்குக் கிட்டே விரல் போய்விட்டது. ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி, ரத்தம்கூடச் சரியாக வரவில்லை. வலி இல்லை. பார்ட்டிக்குப் பம்ப் கொடுக்க வேண்டும், மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தேன். ராத்திரி விரல் வீங்கி வாழைப்பழம் மாதிரி ஆகிவிட்டது. அப்போதும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. இரண்டு நாள் கழித்துச் சேலத்தில் டாக்டர் விரலை நீளமாக அறுத்துத் திறந்தபோது உள்ளே இருந்து டீசல் வாடை வந்தது. அன்றே வந்திருந்தால் மடக்க முடிந்திருக்கும் என்றார்.

பையன்களை நாள் முழுக்கத் திட்டுகிற ஆள், தானே கையைக் கொடுத்தான் என்று சொல்ல வெட்கம். ஆனால் அது மட்டும் இல்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் உன் கையைப் பிடித்து டெஸ்டருக்கு முன்னால் காட்டினது நான்தான். "பனி மாதிரி இருக்கும், தொட்டுப் பார்" என்றேன், நீ சிரித்தாய். ஒரு முழம் தள்ளித்தான் பிடித்தேன், ஆனால் கையைக் காட்டிப் பார்க்கலாம் என்று உனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதானே? என் விரல் போன பிறகாவது உன்னை உட்காரவைத்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வைஸ் என்று சொன்னேன். நீயும் நம்பினாய், காலேஜ் முடிக்கிறவரை லீவுக்கு வரும்போதெல்லாம் உள்ளங்கையைக் காட்டித்தான் ஸ்ப்ரே பார்த்தாய், நான் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

அதனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. விரலில் என்ன? வெட்டுக்காயம் என்றால் வெட்டுக்காயம் என்று சொல், நம்புகிறேன். டீசல் என்றால், சின்னப் புள்ளிதானே என்று விடாதே, ஊசி போட்டு மாத்திரை கொடுத்து அனுப்பினால் வந்துவிடாதே. பிரஷரில் உள்ளே போன டீசல் என்று வாய்விட்டுச் சொல், கைக்கு ஆபரேஷன் செய்கிற டாக்டரைக் காட்டச் சொல், மணிக்கணக்குதான் முக்கியம். நாளாகியிருந்தாலும் போ. வேலை போய்விடும், சூப்பர்வைசர் திட்டுவார் என்று மறைக்காதே. திட்டட்டும்.

டிப்பர் நாளைக் காலையில் பம்பை எடுத்துப் போகிறது. மாட்டி டைமிங் வைத்துக் கொடுத்துவிட்டு மத்தியானம் சேலம் போய் ஓசூர் பஸ் ஏறுகிறேன். ராத்திரி எட்டு மணிக்குள் உன் ரூமுக்கு வந்துவிடுவேன். உங்கம்மாவிடம் மோதிர அளவு எடுக்கப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே சொல். சீம்பால் கொண்டுவருகிறேன்.

அப்பா