'லாப்பியர்' என்ற சொல்லுக்கு மாற்றுச் சொல் வகுத்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்
ஆசிரியை,
வார இறுதித் தமிழ்ப் பள்ளி,
பின்மார்க், வட நோர்வே.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்ட இயக்ககம்,
சென்னை.

பொருள்: வட ஐரோப்பாவின் பூர்வகுடிகளான சாமி (Sámi) மக்களைக் குறிக்க, 'லாப்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லின் வழியே தமிழுக்கு வந்த 'லாப்பியர்' என்பதற்குப் பதிலாக, அம்மக்கள் தங்களுக்கு இட்டுக்கொண்ட பெயரிலிருந்து ஒரு சொல் வகுத்துத் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். 1980களின் இறுதியில் போருக்குத் தப்பி வந்த எங்களவர் பலருக்கு நோர்வேயின் வடகோடியில் உள்ள பின்மார்க்கின் மீன் ஆலைகள்தாம் முதல் வேலை தந்தன. எனக்கும் அப்படித்தான். குளிரில் விறைத்த கையில் கத்தியைத் தந்து, மீனை முள் நீக்கி வெட்டப் பழக்கியவர் இந்த மண்ணின் பூர்வகுடிப் பெண் ஒருவர். அவருடைய மக்களைத்தான் நம் பழைய அகராதிகள் 'லாப்பியர்' என்கின்றன.

பெப்ரவரி 6 அவர்களின் தேசிய நாள். 1917இல் அதே நாளில் துரொண்ட்ஹெய்ம் நகரில் அவர்களின் முதல் மாநாடு கூடியது. இவ்வாண்டு அந்நாளை ஒட்டி என் மாணவி ஒருத்தி தமிழில் கட்டுரை எழுதினாள். எங்கள் பள்ளியில் இருந்த ஆங்கிலம் – தமிழ் அகராதியைப் பார்த்து 'லாப்பியர்' என்றே எழுதினாள். அவளுடைய வகுப்புத் தோழி, அந்த இனத்துப் பிள்ளை, "உங்கள் மொழியில் எங்களுக்கு என்ன பெயர்?" என்று கேட்டிருக்கிறாள். இவள் வாசித்துக் காட்டியதும் அந்தப் பிள்ளை எழுந்து போய்விட்டாள். என் மாணவி அழுதுகொண்டு என்னிடம் வந்தாள்.

'லாப்' என்றால் நோர்வீஜிய, சுவீடிய மொழிகளில் ஒட்டுத்துணி, துண்டுத்துணி என்று பொருள். இனப்பெயரின் வேர் அதுதானா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் அந்தச் சொல்லை வசவாகக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வேர் ஆராய்ச்சி ஆறுதல் தராது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி நூறாண்டுக்கு மேலாக நோர்வே அரசு இவர்களின் மொழியை ஒடுக்கியது. விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகள் தாய்மொழி பேசத் தடை இருந்தது. நோர்வீஜிய மொழி அறியாதவருக்குப் பின்மார்க்கில் அரசு நிலம் விற்கக் கூடாது என்று 1902இல் சட்டமே வந்தது. தாய்மொழிக்காக இழந்தவர்கள் நாமும். இதைத் தமிழரிடம் நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நிலை மாறிவிட்டது. தங்கள் நிலத்தில் கட்டவிருந்த ஆல்ட்டா ஆற்று அணையை எதிர்த்து 1979இல் ஒஸ்லோவில் நாடாளுமன்றத்தின் முன் உண்ணாநோன்பு இருந்தார்கள். 1989இல் பின்மார்க்கின் கராஷோக்கில் அவர்களுக்கெனத் தனி மன்றம் அமைந்தது. 1997இல் மன்னர் வருத்தம் தெரிவித்தார். 2024 நவம்பர் 12 அன்று நாடாளுமன்றமே மன்னிப்புக் கேட்டது. ஆங்கில அகராதிகளும் 'லாப்' என்பதை இன்று பழைய, புண்படுத்தக்கூடிய சொல் என்று குறிக்கின்றன. தமிழில் அச்சொல் அப்படியே கிடக்கிறது.

மாற்றுச் சொல் தேடும்போது நமக்கே உரிய ஒரு இடர் வருகிறது. ஆங்கிலத்திலும் நோர்வீஜியத்திலும் வழங்கும் இனப்பெயரை ஒலிபெயர்த்தால் 'சாமி' என்றாகும். 'சாமி மொழி', 'சாமி உரிமை' என்று தலைப்பிட்டால் வாசகர் தெய்வத்தைத்தான் நினைப்பார். 'சாமியர்' என்றாலோ 'சாமியார்' என்றே கண்ணில் படும். கிரந்த எழுத்திட்டால் எழுத்தில் வேறுபாடு தெரியும், பேச்சில் தெரியாது. அவர்கள் தங்கள் மொழியின் வடக்குக் கிளையில் தங்கள் நாட்டைச் 'சாப்மி' என்கிறார்கள். நோர்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யாவின் கோலா தீபகற்பம் ஆகியவற்றில் பரந்த நிலம் அது. அதிலிருந்து 'சாப்மியர்' என்று அமைத்தால் தமிழ் நாவுக்கும் இசையும், குழப்பமும் வராது. என் பரிந்துரை அதுவே. முடிவு தங்கள் அறிஞர் குழுவினுடையது.

எங்கள் அகராதி இவர்களைக் 'கலைமான் மேய்ப்போர்' என்றும் விளக்குகிறது. கலைமான் நம் நாட்டு வெளிமான். இங்குள்ளது துருவமான். அதை மேய்ப்போரும் இவர்களில் சிறுபகுதியினர்தாம். கடலில் மீன்பிடித்து வாழ்ந்தவர்கள் ஏராளம்.

நமக்கும் இப்படிப் பிறர் இட்ட பெயர் இருந்தது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையை உறுதிசெய்த 1806ஆம் ஆண்டு ஆங்கிலேயர் பிரமாணத்தில் நாங்கள் தமிழர் அல்லர், 'மலபார் குடிகள்'. தரங்கம்பாடி வந்த ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்குவும் நம் மொழியை மலபார் மொழி என்றும் ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தினார். அந்தப் பெயரில் நம்மை இன்று எவரேனும் அழைத்தால் திருத்தாமல் விடுவோமா?

எனவே 'சாப்மியர்' அல்லது தாங்கள் தகுதியெனக் கருதும் சொல்லைத் தங்கள் இணையச் சொல் தொகுப்பான சொற்குவையில் சேர்த்து, 'லாப்பியர்' என்பதற்கு நேரே 'வழக்கொழிந்தது, இழிவுப் பொருள் உடையது' என்ற குறிப்பை இடுமாறு வேண்டுகிறேன். பின்லாந்தின் லாப்லாந்து என்பது நிர்வாகப் பெயர். அதை மாற்றக் கேட்கவில்லை. 'எஸ்கிமோ' என்ற சொல்லுக்கும் இதே குறிப்பு தேவை. அங்கே 'இனுயிட்' என்று மட்டும் மாற்றினால் போதாது, அலாஸ்காவின் யூப்பிக் மக்கள் தங்களை இனுயிட் என்று சொல்வதில்லை.

தங்கள் பதில் கிடைத்ததும் என் மாணவி கட்டுரையைத் திருத்தி எழுதி, தோழியிடம் கொடுக்கக் காத்திருக்கிறாள்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
தமிழாசிரியை

இணைப்பு: மாணவியின் கட்டுரைப் படி – 1