புரட்டாசி விரதம் நமக்கு, பல்லிக்கு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புரட்டாசி வந்தா இங்க தென்னாப்பிரிக்கா டர்பன்ல நம்ம வீடுகள்ல கறி, மீன், முட்டை எல்லாம் நின்னுடும், எங்க வீட்லயும் அப்படித்தான், அதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா இப்ப சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் புள்ளைங்க பியர்டட் டிராகன், லெப்பர்ட் கெக்கோன்னு செல்லப் பல்லிங்க வளக்குறாங்க, விரத மாசத்துல வீட்டுக்குள்ள உயிரக் கொல்லக்கூடாதுன்னு பெரியவங்க சொல்றதால சில வீட்ல அதுங்களுக்கும் பூச்சிய நிறுத்திட்டு வெறும் கேரட்டும் கீரையும் வைக்கிறாங்க. தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. லெப்பர்ட் கெக்கோ பூச்சி மட்டுமே திங்கற ஜீவன், எதிர்ல கீரைய வச்சா பட்டினிதான் கெடக்கும். டிராகன் குட்டிக்கு வளர்ற வயசுல முக்கால்வாசி சாப்பாடு பூச்சியா இருக்கணும், நல்லா பெருசானப்புறம்தான் கீரை அதிகமாகணும்.

எங்க ஆயாவுக்கும் மொதல்ல மனசு ஒப்பல. பூச்சி டப்பாவ சாமி ரூம், கிச்சன் ரெண்டுக்கும் தள்ளி கராஜ்ல வச்சுக்கிறேன், வெளக்கேத்துற நேரத்துல தீனி போட மாட்டேன்னு சொன்னதும் சரின்னுட்டாங்க. எல்லார் வீட்லயும் இப்படி பேசி முடிக்கலாம்னு நெனைக்கிறேன்.

கடையில வாங்குற கிரிக்கெட் பூச்சிய (ராத்திரில கத்துற சிள்வண்டு மாதிரி பூச்சி) அப்படியே போட்டாலும் போதாது. பூச்சி வயித்துல என்ன இருக்கோ அதுதான் பல்லி ஒடம்புக்குப் போகும், பல நாள் டப்பாவுல பட்டினி கெடந்த பூச்சியில சத்து எங்கருந்து வரும்? அதுவுமில்லாம கிரிக்கெட்ல பாஸ்பரஸ் ரொம்ப அதிகம், கால்சியம் ரொம்ப கம்மி. கால்சியம் பவுடர் தூவாம, வெயில் மாதிரி புற ஊதாக் கதிர் குடுக்கிற யூவிபி லைட்டும் இல்லாம வளத்தா டிராகனுக்கு எலும்பு மெலிஞ்சு தாடை ரப்பர் மாதிரி ஆயிடும், காலு வளைஞ்சுடும், வளைஞ்சது திரும்ப நேராகாது. பூச்சிய வீட்லயே வளத்தா அதுக்குப் போடற தீனி நம்ம கையில இருக்கு. பல்லிக்குப் போடறதுக்கு 24 மணி நேரத்துல இருந்து 48 மணி நேரம் முன்னாடி பூச்சிக்கு கேரட், பட்டர்நட் பூசணி, கொல்லையில இருக்கிற முருங்கைக்கீரை எல்லாம் குடுங்க.

கிரிக்கெட் வளக்குறது கஷ்டமில்ல. வழவழன்னு இருக்கிற உயரமான பிளாஸ்டிக் டப்பா, மூடியில ஓட்டை போட்டு கம்பி வலை, நைலான் வலைன்னா கடிச்சுட்டு வெளிய வந்துடும், உள்ள முட்டை அட்டைய நிக்க வச்சு அடுக்குங்க. தண்ணிய கிண்ணத்துல வச்சா குட்டிங்க விழுந்து செத்துடும், நனைச்ச பஞ்சு போதும். சின்ன கப்புல ஈர மண்ணு வச்சா பொட்டைப் பூச்சி வால் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிற குழாய மண்ணுல குத்திக் குத்தி முட்டை வைக்கும், பக்கத்துல உக்காந்து பாத்தா புள்ளைங்க நகர மாட்டாங்க. அந்தக் கப்ப 30 டிகிரி சூட்டுல வச்சா ரெண்டு வாரத்துக்குள்ள எறும்பு சைஸ்ல குட்டி வரும், பெருசாக இன்னும் ஆறு எட்டு வாரம் ஆகும். நாத்தம் வருதுன்னா செத்த பூச்சியும் நனைஞ்ச தீனியும் தேங்கிக் கெடக்குதுன்னு அர்த்தம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்துப் போட்டா வராது. கிரிக்கெட் கத்துற சத்தம் பிடிக்காதவங்க மீல்வார்ம்ங்கற வண்டுப் புழு வளக்கலாம், தவிடும் கேரட் துண்டும் போதும், கொழுப்பு ஜாஸ்திங்கறதால அதையே தினமும் போட வேண்டாம்.

பல்லியோட ரெண்டு கண்ணுக்கு நடுவுல இருக்கிற எடைவெளிய விட பெரிய பூச்சி போடாதீங்க. தின்னாம மிச்சமான கிரிக்கெட்ட ராத்திரி கூண்டுல விட்டா தூங்குற பல்லியவே கடிக்கும். வீட்டு கரப்பான்பூச்சிய பிடிச்சுப் போடவே கூடாது, நம்ம வீடுகள்ல ஸ்ப்ரே அடிக்காத மூலையே கெடையாது, அந்த விஷம் பல்லி வயித்துக்குத்தான் போகும்.

இன்னொரு விஷயம். புரட்டாசி வர்ற அதே சீசன்லதான் இங்க ஸ்கூல் புள்ளைங்க ஷூ டப்பாவுல பட்டுப்புழு வளக்குறாங்க, அந்தப் புழு அந்துப்பூச்சியானதும் ஒண்ணு முன்னூறு முட்டைக்கு மேல வைக்கும், அடுத்த வருஷம் அத்தனைக்கும் மல்பெரி இலை கெடைக்காம புழுவெல்லாம் குப்பைக்குப் போகுது. பட்டுப்புழு மெத்துன்னு இருக்கும், கொழுப்பு கம்மி, பல்லிக்கு அருமையான தீனி. மிச்சமாகுற வீட்டுக்காரங்க கூடு கட்டுறதுக்கு முன்னாடியே பக்கத்துல டிராகன் வளக்குறவங்களுக்கு குடுத்துடுங்க. ரோட்டோர மரத்து இலைய போட்டு வளத்திருந்தா அதையும் சொல்லிக் குடுங்க, அங்க மருந்து அடிச்சிருப்பாங்களான்னு வாங்குறவங்க விசாரிச்சுக்கலாம்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் வாசகர்