கூட்டுக் காசும் நன்னெறியும்

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. பேத்தி இடைநிலைப் பள்ளிக்குப் போவதில் எங்களுக்கும் மகிழ்ச்சி. சனிக்கிழமை வகுப்பில் பொருளியலா, நன்னெறியா என்று உங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இழுபறி என்று எழுதியிருக்கிறாய். பொருளியலையே பிடி, நன்னெறி அதற்குள் வரும்படி பாடத்தை அமை. தனியாகச் சொன்னால் மனப்பாடத்தோடு நின்றுவிடும். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.மின் நன்னெறித் தாளுக்கு ஒரு காலத்தில் 36 நெறிகளை விளக்கத்தோடு ஒப்பித்தார்களே!

கூட்டுக் காசில், அதாவது எல்லாரும் மாதாமாதம் கட்டி, முறைவைத்து ஒருவர் மொத்தமாக எடுப்பதில் தொடங்கு. பத்துப் பேர், மாதம் 200 வெள்ளி (ரிங்கிட்), எடுப்பவருக்கு 2,000. மூன்றாவதாக எடுத்தவர் அதோடு கட்டுவதை நிறுத்தினால்? அவர் கட்டியது 600 தான். மிச்சமுள்ள ஏழு பேருக்கும் ஆளுக்கு 200 குறையும். கூட்டுப் பிடிப்பவர், அதாவது நடத்துபவர், ஈடுகட்டினால் அவருக்கு 1,400 நட்டம். பிள்ளைகளுக்கு எண் போட்ட சீட்டும் காகிதக் காசும் கொடுத்து நடத்திப் பார். ஒன்பதாம் சீட்டு வைத்திருக்கும் பிள்ளைக்கு நேர்மையை விளக்க வேண்டியிராது. கூட்டுப் பிடிப்பதைத் தொழிலாக்குவது 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவிடு.

அடுத்து மோட்டார் கடன். 6,000 வெள்ளி, மூன்றாண்டு, ‘ஆண்டுக்கு 10 விழுக்காடு’. வட்டி 1,800, மொத்தம் 7,800, மாதம் ஏறக்குறைய 217. பிள்ளைகள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள், விடாதே. அசல் மாதாமாதம் குறைகிறது, வட்டியோ கடைசிவரை முழு 6,000க்கே விழுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மை வட்டி 18 விழுக்காட்டை ஒட்டும். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அந்தச் சூத்திரம் எட்டாது. மூன்றாண்டுக்கும் சேர்த்துச் சராசரி அசல் பாதியளவே என்று காட்டினால் போதும், பிடித்துக்கொள்வார்கள். ஜாமீன் கையெழுத்துப் போட்டவரும் அந்தக் கடனுக்குப் பொறுப்பாகிறார். நட்புக்காகப் போடலாமா என்று அந்த இடத்தில் கேள், வகுப்பே இரண்டு படும்.

மலேசிய இந்தியர் தலைவராக இருந்த துன் சம்பந்தனையும் விட்டுவிடாதே. ரப்பர்த் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960இல், அவர் முயற்சியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்த தொழிலாளர்களின் பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. கூட்டைப் போலவே ஒருவரையொருவர் நம்பிப் போட்ட காசு. ஆனால் பதிவும் தணிக்கையும் அதற்குக் காவலாக நின்றன. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

ஒரு சனிக்கிழமைக்கு ஒரு கணக்கு போதும். காகிதக் காசில் 50 வெள்ளித் தாள்தான் அதிகம் தேவைப்படும், ஒரு மாதச் சுற்றுக்குப் பத்துப் பேருக்கு நாற்பது. அடித்து அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்