மூத்தோர் வாழும் அமைதியான வீட்டில் ஒரு பூனைக்கு இடம் வேண்டி

பெங்களூருத் தமிழ்ச் சங்கத்தின் மூத்த உறுப்பினர்களுக்கும் அல்சூர் வட்டாரத்துப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

என்னிடம் இருக்கும் ஒரு வளர்ந்த பூனைக்கு வேறு வீடு தேடுகிறேன். பிள்ளைகள் வேலைக்காக வெளியூர் போய்விட்ட, காலையில் நாளிதழ் புரளும் ஓசையைத் தவிர அதிகச் சத்தமில்லாத வீடாக அது இருக்க வேண்டும் என்பதால் இம்மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் சந்தில் குடியிருந்த ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்தபோது இந்தப் பூனையை விட்டுவிட்டுப் போனது. பூட்டிய கதவின் முன் அது 12 நாள் உட்கார்ந்திருந்தது. யார் மாடிப்படி ஏறினாலும் எழுந்து நின்று பார்க்கும். தெரிந்த முகம் இல்லையென்றதும் வாசல் கால்மிதியில் மறுபடி சுருண்டுகொள்ளும். பசிக்கும் தாகத்திற்கும் ஆளாகும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தைக் காட்டி யாரையும் துரத்த எனக்கு மனமில்லை. ஆனால் இதைச் சின்ன விஷயம் என்பவர்கள் அந்தப் படிக்கட்டில் ஒரு மாலை நின்று பார்த்திருக்க வேண்டும்.

13ஆம் நாள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பல்லைப் பார்த்த கால்நடை மருத்துவர் ஆறு அல்லது ஏழு வயதிருக்கும் என்றார். கருத்தடை, ரேபிஸ் தடுப்பூசி, குடற்புழு மருந்து எல்லாம் முடிந்துவிட்டன. சாம்பல் உடம்பில் கரும்பட்டைகள். முத்து என்று கூப்பிடுகிறோம்.

என் வீடு அதற்கு ஏற்ற வீடு அல்ல. பள்ளிக்குப் போகும் இரண்டு பையன்கள், ஒரு நாய். முத்து பகல் முழுவதும் பீரோவின் மேல் உட்கார்ந்திருக்கும். மிக்ஸி ஓடினால் காதுகள் தலையோடு ஒட்டிப் படிந்துவிடும். எல்லோரும் தூங்கிய பிறகு, இரவு இரண்டு மணிக்குத்தான் சாப்பிட இறங்கும். இதுதான் அதன் சுபாவம் என்றே நினைத்திருந்தேன். பொங்கல் விடுமுறையில் பையன்கள் நாயையும் கூட்டிக்கொண்டு சேலத்துக்குப் போனார்கள். மூன்றாம் நாள் பிற்பகல் நான் படித்துக்கொண்டிருந்தபோது முத்து தானாக இறங்கி வந்து, என் கணுக்காலில் கன்னத்தை ஒருமுறை தேய்த்துவிட்டு, பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்தது. ஒரு மணி நேரம் நான் காலை அசைக்கவில்லை. அதற்கு வேண்டியது அமைதி ஒன்றுதான் என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

“எங்களுக்குப் பிறகு அதை யார் பார்ப்பார்கள்?” என்று உங்களில் பலர் கேட்பீர்கள், நியாயமான கேள்வி. வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை 15 ஆண்டும் அதற்கு மேலும் வாழக்கூடும் என்பதால், எழுபது வயதுக்காரருக்குக் குட்டி கொடுப்பதை நானே சரியென்று சொல்லமாட்டேன். குட்டிக்கு நாள் முழுக்க ஓட்டமும் விளையாட்டும் வேண்டும். ஏழு வயதுப் பூனையோ பெரும்பகுதி நேரம் தூங்கும். அதற்கு வேண்டியது வேளை தவறாத சாப்பாடும் மாறாத இடமும்தான், அவை உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. உடல்நலக் குறைவு, மகன் வீட்டுப் பயணம் என்று எந்தக் காரணத்தால் முடியாமல் போனாலும், எத்தனை ஆண்டு கழித்தானாலும், முத்துவை நானே திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தருகிறேன்.

சைவக் குடும்பங்கள் தயங்க வேண்டியதில்லை. ஆனால் தயிர்ச்சாதத்தில் பூனை வாழாது. இறைச்சியில் உள்ள டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் அதன் கண்ணும் இதயமும் கெடும். வீட்டில் மீன் சமைக்காமலே கடையில் கிடைக்கும் பூனை உணவைக் கொடுக்கலாம். பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிப்பதில்லை. ஒவ்வாமை முடியால் வருகிறது என்று பரவலாக நம்புகிறோம். உண்மையில் பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதத்தால் வருவது அது. ஆஸ்துமா உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். பால்கனிக்குப் புறா வலை கட்டாயம் வேண்டும். தீபாவளி இரவுகளில் உள்ளறையில் வைத்துச் சன்னலை மூடிவிட வேண்டும்.

முதல் இரண்டு வாரம் ஒரே அறை போதும். அட்டைப் பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து உள்ளே பழைய வேட்டியை விரியுங்கள். முத்து அதற்குள் ஒளிந்துகொண்டால் இழுக்காதீர்கள், குனிந்து எட்டிப் பார்க்கவும் வேண்டாம். அதே அறையில் உட்கார்ந்து உங்கள் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருங்கள். அது உங்களைப் பார்க்கும்போது நீங்களும் பார்த்து, மெதுவாகக் கண்ணை மூடித் திறங்கள். அதுவும் ஒருநாள் அப்படியே செய்யும். சில பூனைகளுக்கு இதற்கு மூன்று மாதம்கூட ஆகலாம். அவ்வளவு நாள் பொறுப்பவர்களைத்தான் தேடுகிறேன்.

ஞாயிறு காலைகளில் சங்க நூலகத்துக்கு வருவேன். விருப்பமுள்ளவர்கள் அங்கே என்னிடம் பேசுங்கள். வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கூடை, அது மலம் கழிக்கும் மணல் தட்டு, ஒரு மாத உணவு ஆகியவற்றோடு முத்து படுக்கும் பழைய துண்டையும் நானே கொண்டுவந்து தருகிறேன். அந்தத் துண்டைச் சில வாரங்களுக்குத் துவைக்க வேண்டாம். புதிய வீட்டில் அதற்குத் தெரிந்த வாசனை அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
அல்சூர்வாசி ஒருவர்