மெஷினுக்கு உப்புப் போட்ட அம்மாவுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று சாயங்காலம் என் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். படியேறும்போது இரண்டு இடத்தில் நின்றாள், மற்றபடி யார் கையையும் பிடிக்காமல் ஏறினாள். இப்போது தூங்குகிறாள். பெரியவன் அவள் கால்மாட்டில், சின்னவள் என் மடியில். ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த 11 நாளைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. உங்களுக்கே தெரியும், பாதிப் பேர் கூடவே இருந்தீர்கள். ரத்தம் கொடுக்க வந்தவர்கள், வார்டு வாசலில் முறை வைத்து உட்கார்ந்தவர்கள், அலுவலகத்தில் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர்கள், சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கதவருகே வைத்துவிட்டுக் காலிங்பெல்லைக்கூட அழுத்தாமல் போனவர்கள், உங்கள் எல்லோர் வீட்டுக்கும் நேரில் வருகிறேன். பாத்திரங்களில் எது யாருடையது என்று குழம்பிக் கிடக்கிறது. வரும்போது மொத்தமாகக் கொண்டு வருகிறேன், உங்களுடையதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மடல் முக்கியமாகக் கீழ்வீட்டு அம்மாவுக்கு.

அவரோடு எங்களுக்குப் பெரிய பழக்கம் இருந்ததில்லை. இரண்டு தடவை மேலே வந்திருக்கிறார், இரண்டு தடவையும் பெரியவன் குதிக்கிற சத்தத்துக்காக. ‘கொஞ்சம் பார்த்துக்கோங்க’ என்பார், போய்விடுவார். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் நாங்களே கொஞ்சம் ஒதுங்கி நிற்போம்.

நாலாவது நாள் ராத்திரி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, இரண்டையும் ஒருவழியாகக் கழுவிவிட்டு, மூன்று நாள் அழுக்கை அள்ளி வாஷிங் மெஷினில் போட்டேன். அள்ளியதில் ஒரு டயப்பரும் போயிருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் துணியே தெரியவில்லை. எல்லாவற்றின் மேலும் ஈரக் கண்ணாடி மணி மாதிரி வழவழவென்று ஏதோ அப்பிக் கிடந்தது. அலசினால் போய்விடும் என்று இன்னொரு முறை தண்ணீர் விட்டு ஓட்டினேன். அதைத்தான் செய்திருக்கக் கூடாது. கூழ் இரண்டு பங்காகி, போகிற வழியை அடைத்து, தண்ணீர் தரைக்கு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து காலிங்பெல். பெரியவன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். அவனுக்கு மூன்றரை வயது. மாற்றச் சொல்லிக் கொடுத்த டிரவுசரைத் தலையில் மாட்டியிருந்தான். பின்னால் நான், முழங்கை வரை கூழ், இடுப்பில் சின்னவள், அவள் வாயில் என் சட்டைக் காலர். வாசலில் கீழ்வீட்டு அம்மா. மன்னிப்புக் கேட்கிற வாக்கியம் என் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது.

அவர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். “டயப்பரா?” என்றார்.

தலையாட்டினேன்.

அப்புறம் சிரித்தார் பாருங்கள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தார். முதலில் எனக்குச் சுருக்கென்று கோபம்தான் வந்தது. அவள் அங்கே அப்படிக் கிடக்கிறாள், இவருக்கு இது வேடிக்கையா? அதற்குள் பெரியவன் அவரைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தான். அண்ணன் சிரித்தால் சின்னவள் சும்மா இருப்பாளா? கடைசியில் நானும். நாலு நாளாக என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வெளியே வந்திருக்கவில்லை. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மா அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாமல், “இனிமே தண்ணி விடாதே, இன்னும் ஊதும். உப்பு இருக்கா?” என்றார். அதுவரை ‘நீங்க’தான். அந்தக் கேள்வியிலிருந்து நான் ‘நீ’.

எங்கள் வீட்டு உப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. (இதுவும் நான் வெளியே சொல்லியிருக்கக் கூடாத விஷயம்தான்.) கீழே போய்த் தன் வீட்டு உப்பு டப்பாவையே எடுத்து வந்தார். டப்பாவில் பாதியை மெஷினுக்குள் கொட்டினார். பொத்துப் பொத்தென்று நின்ற கூழ் கொஞ்ச நேரத்தில் தளர்ந்து நீர்த்துப்போனது. துணியை உதறிக் காயப் போடச் சொன்னார், காய்ந்தால் மிச்சம் தூளாக உதிர்ந்துவிடுமாம். அதேபோல் உதிர்ந்தது.

காரணத்தைப் பிற்பாடு தேடிப் படித்தேன். டயப்பருக்குள் இருப்பது சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற பொடி. சுத்தமான தண்ணீர் என்றால் தன் எடையைப் போல 200, 300 மடங்குகூட இழுத்து வைத்துக்கொள்ளும். உப்பைக் கண்டால் பிடி விட்டு, குடித்த தண்ணீரைக் கக்கிவிடும். அந்த அம்மா இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பேத்தி பிறந்த வருஷம் பட்டுத் தெரிந்துகொண்டது.

மறுநாள் எட்டு மணிக்கு மறுபடியும் பெல். கதவு திறந்ததும், “இன்னிக்கு என்ன?” என்றார், வாடகை கேட்க வந்தவர் மாதிரி. அன்றைய சேதத்தைச் சொன்னேன். சிரித்தார், சின்னவளை அரை மணி நேரம் வாங்கி வைத்துக்கொண்டார், நான் குளித்தேன். அடுத்த நாளும் எட்டு மணி, அடுத்த நாளும் அதே கேள்வி.

அவர் செய்ததாக நான் சொல்வது இந்தக் கேள்வியைத்தான். எட்டு மணிக்குக் கேட்க ஒருவர் வருவார் என்று தெரிந்தபின், ஒன்று நடந்துகொண்டிருக்கும்போதே அதை எப்படிச் சொல்வது என்று மனசு வாக்கியம் கோக்க ஆரம்பித்துவிடுகிறது. வாக்கியம் கோத்துக்கொண்டே கத்த முடியாது, நான் முயன்று பார்த்தேன். இரண்டாவது நாள் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொட்டியதற்குப் பெரியவனை நான் கத்திய கத்தல் எனக்கு மறக்காது, அவனுக்கு மறந்திருக்க வேண்டும். ஆறாவது நாள் அதே கை ஒரு குடம் தண்ணீரைச் சாய்த்தபோது, ‘சரி, இது எட்டு மணிக்கு’ என்று துடைக்க உட்கார்ந்தேன்.

ஒரு விதியும் வைத்திருந்தார். பையன் காதுபடச் சொல்கிற கதையில் முட்டாள் நானாகத்தான் இருக்க வேண்டும், அவனாக இருக்கக் கூடாது.

ஒரே ஒரு நாள் சிரிக்கவில்லை. டயப்பர்ப் புண்ணுக்குப் போடும் வெள்ளைக் களிம்பு முழு டியூபையும் பெரியவன் காலி பண்ணிய நாள். கதவு, நாற்காலி, என் செருப்பு, தங்கையின் தலை, எல்லாம் வெள்ளை. அந்தக் களிம்பு தண்ணீரை ஒட்டவிடாது. அதற்காகவே பூசுவது, அதனால் தண்ணீரில் போகவும் போகாது. எண்ணெய் தேய்த்து, அப்புறம் ஷாம்பு போட்டு, அப்படியும் சின்னவள் இரண்டு நாள் பளபளத்துக்கொண்டிருந்தாள். அதை நல்ல கதையாகச் சொல்லி முடித்தபோது, அந்த அம்மா அவனைக் கூப்பிட்டு, “எதுக்குடா கண்ணா போட்டே?” என்றார். நான் கேட்கவே இல்லை பாருங்கள் அதை.

“அம்மாவுக்குப் புண்ணு. எல்லாருக்கும் மருந்து போட்டா அம்மா வந்துடுவா.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அவர் தரையில் உட்கார்ந்து காலை நீட்டினார். “எனக்கு முட்டி வலிக்குது. போட்டு விடு” என்றார். டியூபில் ஒன்றும் மிச்சமில்லை. அவன் அதைக் கசக்கிக் கசக்கி, வராத மருந்தைத் துணி மேலேயே ரொம்ப நேரம் தடவினான்.

சின்னவள் கதை வேறு. 11 மாதம்தான், அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்திருந்தேன். ஈரச் சாக்ஸை எனக்கு நீட்டுவாள். வாங்கக் கை நீட்டினால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு என் முகத்தையே பார்ப்பாள், அப்புறம் கெக்கெக்கே என்று சிரிப்பாள். தற்செயல் என்றேன். “உன்னை ஏய்க்கிறா” என்றார் கீழ்வீட்டு அம்மா. வாசுதேவி ரெட்டி என்ற உளவியலாளர் இதையே ஆராய்ந்திருக்கிறாராம். ஒரு வயது நிறைவதற்கு முன்பே குழந்தைகள் இப்படி நீட்டி இழுத்துப் பெரியவர்களைச் சீண்டும் என்று எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் முதல் கேலிக்காரி பல் முளைத்துக்கொண்டிருக்கும்போதே தொழிலைத் தொடங்கிவிட்டாள்.

எட்டு மணிக் கதைகளை மறுநாள் ஆஸ்பத்திரியில் அவளிடமும் சொன்னேன். “சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது” என்று வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். ஒரு நிமிஷம் கழித்து, “அப்புறம்?” என்பாள்.

மேல்மாடியில் புதிதாக ஒரு தம்பதி வந்திருக்கிறார்கள், கைக்குழந்தையோடு. ராத்திரி இரண்டு மணிக்கு அழுகைச் சத்தம் கேட்கிறது. இத்தனை நாள் தலையணையால் காதை மூடிக்கொள்வேன். இந்த வாரம் மேலே போகலாம் என்றிருக்கிறேன்.

இன்று காலை உப்பு டப்பாவைக் கழுவி, நிரப்பி, கீழே எடுத்துப் போனேன். கதவைத் திறந்தவர் டப்பாவைப் பார்த்தார், என் இடுப்பில் இருந்தவளைப் பார்த்தார்.

“நீயே வச்சுக்கோ. இவ இன்னும் நடக்கவே ஆரம்பிக்கலையே” என்றார்.